பறிக்கப்பட்ட பதக்கத்தின் இடத்தை நிரப்ப வேண்டாம்: இராணுவ அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இராணுவ அருங்காட்சியகங்களின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் காப்பாளர்களுக்கும், வழங்கிய விருதுகளை ரத்து செய்யும் அதிகாரம் பெற்ற குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 30 ஆண்டுகளுக்கும் மேலாக நான் போர்ப் பதக்கங்களையும், அவற்றோடு சேர்ந்து வரும் சம்பளப் புத்தகங்கள், கடிதங்கள், நிழற்படங்கள், பணிவிடுவிப்புச் சான்றுகள் ஆகியவற்றையும் சேர்த்து வந்திருக்கிறேன். 41 படைவீரர்களின் பொருள்கள் இன்று என் பொறுப்பில் உள்ளன. எனக்குப் பின் இவை ஏலத்துக்குப் போய், பதக்கம் ஒருவர் கையிலும் கடிதம் இன்னொருவர் கையிலுமாகச் சிதறிவிடக் கூடாது என்பதற்காக, அனைத்தையும் விலை ஏதும் பெறாமல் ஓர் அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட முடிவு செய்து, பட்டியலையும் படங்களையும் அனுப்பி வைத்தேன். 40 தொகுப்புகளை மகிழ்ச்சியோடு ஏற்பதாகவும், ஒன்றை மட்டும் அது இருக்கும் நிலையில் ஏற்க இயலாது என்றும் பதில் வந்தது. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த அருங்காட்சியகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்குள்ளவர்கள் என்னிடம் மரியாதையோடுதான் பேசினார்கள். அவர்கள் காட்டிய தயக்கத்தை வேறு இடங்களிலும் வேறு சொற்களில் நான் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தத் தொகுப்பு, நான்கு பதக்கங்களை வரிசையாகத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட ஒரு பித்தளைச் சட்டம். அதில் மூன்று பதக்கங்கள் தொங்குகின்றன. முதலிடம், அதாவது வீரச்செயலுக்கான விருது தொங்க வேண்டிய இடம், காலியாக இருக்கிறது. அங்கிருந்த நாடா கத்தரிக்கோலால் வெட்டப்பட்டு, நகத்தளவு துணி மட்டும் சட்டத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வெட்டு நேராக விழவில்லை. வெட்டியவருக்குக் கை நடுங்கியதோ, அவசரமோ, தெரியாது. மற்ற மூன்று நாடாக்களும் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டன. எஞ்சியிருக்கும் அந்தத் துண்டின் மடிப்பை மெதுவாக விலக்கிப் பார்த்தால் மட்டும் உள்ளே நிறம் புதிதாக இருக்கிறது. இரண்டாவது பதக்கத்தின் ஓரத்தில், காலியிடத்தைப் பார்த்த பக்கத்தில், சிறு சிறு பள்ளங்கள் தெரிகின்றன. பக்கத்தில் தொங்கிய பதக்கம் நடக்கும்போதெல்லாம் மோதி மோதி ஏற்படுத்திய தடங்கள் அவை. நான்கும் ஒரே மார்பில் ஒன்றாக அணியப்பட்டவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பதக்கம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றுதான் அதைப் பெற்ற வீரரின் குடும்பத்தில் இரண்டு தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அவருடைய பேத்திதான் பணிக்கோப்பின் படிகளைக் கேட்டு வாங்கினார். அதில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளில், காயம்பட்ட இருவரைக் குண்டுமழைக்கு நடுவே இழுத்து வந்து காப்பாற்றியதற்காக அவருக்கு விருது வழங்கப்படுவதாக எழுதியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிந்தைய இரண்டாம் தாளில், உணவகக் கணக்கில் பணம் கையாடியதற்காக இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்திருப்பதால் அந்த விருது ரத்து செய்யப்படுவதாகவும் பதக்கத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இரண்டு தாள்களிலும் ஒரே ஓர் எழுத்து வரிக்குச் சற்று மேலே தூக்கி விழுந்திருக்கிறது. ஒரே அலுவலகத்தின் ஒரே தட்டச்சுப் பொறியில் அடித்திருக்கிறார்கள். பேத்தி அந்தச் சட்டத்தையும் தாள்களையும் என்னிடம் ஒப்படைத்தபோது கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எதையும் மறைக்கக் கூடாது, சரிசெய்கிறோம் என்று எதையும் சேர்க்கவும் கூடாது. நான் வாக்குக் கொடுத்தேன்.

அருங்காட்சியகம் எனக்கு இரண்டு வழிகளைச் சொன்னது. இந்த ஒரு தொகுப்பை நீக்கிவிட்டு மற்றவற்றைத் தருவது ஒன்று. அல்லது, காலியிடத்தில் அதே வகைப் பதக்கத்தின் நகல் ஒன்றைப் பொருத்தி, விளக்கப் பலகையில் வீரச்செயலை மட்டும் குறிப்பிட்டுக் காட்சிக்கு வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியைச் சொன்னவர் அந்த வீரருக்கு நன்மை செய்வதாகவே எண்ணினார் என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் முதல் வழியில் அந்த மனிதர் அடியோடு இல்லாமல் போகிறார். இரண்டாவதில் நாம் ஒரு பொய்யை இருப்பில் சேர்க்கிறோம். நகல் வைப்பது எங்கும் உள்ள வழக்கம்தான், அது நகல் என்று எழுதப்பட்டிருக்கும் வரையில் எனக்கு அதில் மறுப்பு இல்லை. பறிக்கப்பட்ட பதக்கத்தின் இடத்தில் நகலை மாட்டுவது அப்படிப்பட்டது அன்று. 50 ஆண்டுகள் கழித்து, பலகை மாறி, பதிவேடு இடம்பெயர்ந்து, இன்று இருப்போர் யாரும் இல்லாத காலத்தில், அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும் காப்பாளர் நான்கு பதக்கங்களையும் பார்த்துவிட்டு, இவருடைய விருது மீட்டளிக்கப்பட்டதுபோலும் என்று எழுதி வைப்பார். அவர்மேல் தவறு இராது. தவறு நம்முடையதாக இருக்கும்.

விருதுப் பறிப்பு எப்படி நடந்து வந்திருக்கிறது என்று பார்த்தால் என் கோரிக்கையின் காரணம் தெளிவாகும். பிரித்தானியப் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை 1856இல் நிறுவிய அரச ஆணையிலேயே பறிப்புக்கு ஒரு பிரிவு இருந்தது. தேசத்துரோகம், கோழைத்தனம், பெருங்குற்றம், இழிவான குற்றம் ஆகியவற்றுக்கு ஆளானவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். அதிகாரி அல்லாத வீரருக்கு விருதோடு கிடைத்துவந்த ஆண்டுக்கு 10 பவுன் ஓய்வூதியமும் நின்றுபோகும். 1861 முதல் 1908 வரை எட்டுப் பேர் இப்படி விருதை இழந்தார்கள். குற்றங்களின் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். ஒருவர் மாடு திருடினார். ஒருவர் முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். கடைசியாக 1908இல் இழந்த ஜார்ஜ் ரேவன்ஹில் இரும்பு திருடியவர். 1857 எழுச்சியைத் தொடர்ந்து 1858இல் வட இந்தியாவின் ஆசம்கர் பகுதியில் நடந்த சண்டையில், வீழ்ந்த அதிகாரி ஒருவரைத் தாமும் காயம்பட்ட நிலையில் விட்டகலாமல் காத்து நின்ற மைக்கேல் மர்ஃபி, 1872இல் ஓட்ஸும் வைக்கோலும் திருடியதற்காக விருதை இழந்தார். அந்தச் சண்டை யாரை அடக்குவதற்காக நடந்தது என்ற கேள்வி இந்தியரான ஒருவருக்கு எழாமல் இராது, எழவும் வேண்டும். மர்ஃபியின் பதக்கம் இன்று பிரித்தானிய இராணுவத் தளவாடப் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசு பறித்த பதக்கத்தை அருங்காட்சியகம் வைத்திருப்பதால் எந்த வானமும் இடிந்து விழவில்லை.

அந்த எண்மரில் வேலன்டைன் பாம்பிரிக்கின் கதை இன்னும் கொடியது. 1858இல் பரேலியில் விருது பெற்ற அவர், 1863இல் ஒரு சக வீரரைத் தாக்கி அவருடைய பதக்கங்களைத் திருடியதாகத் தண்டிக்கப்பட்டார். தாக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு உதவவே போனதாக அவர் சொன்னது எடுபடவில்லை. 1864இல் லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிட்டுக்கொண்டார். அவர் குற்றவாளியா இல்லையா என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சொல்ல வேண்டிய பொறுப்பு அருங்காட்சியகத்துக்கும் இல்லை. தீர்ப்பும் அவர் மறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

1920இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், விக்டோரியா கிராஸ் பெற்றவர் எந்தக் குற்றம் செய்தாலும் அதைப் பறிக்கக் கூடாது என்றும், கொலைக் குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும் அங்கேயும் அதை அணிந்துகொள்ள அவரை அனுமதிக்க வேண்டும் என்றும் தம் செயலாளர் வழியே தெரிவித்தார். விதி ஆணையில் தொடர்ந்தது. ஆனால் அதன்பின் யாரும் அந்த விருதை இழக்கவில்லை. விருது பெற்றோரின் மொத்தக் கணக்கில் அந்த எட்டுப் பேரும் இன்று சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். மன்னரின் கருத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. பறிக்கவே கூடாத விருது என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை, போரில் நிராயுதபாணிகளைக் கொன்றவர் அதே போரில் பெற்ற விருதை அணிந்து திரிவதை எந்த நாடும் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. இந்தியாவில் பரம் வீர் சக்ரா விதிகளும் ரத்து செய்யும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்து, அதே மூச்சில் மீட்டளிக்கும் அதிகாரத்தையும் அளிக்கின்றன. சரியான ஏற்பாடு அதுவே என்று கருதுகிறேன். எனக்கு உறுத்துவது, இத்தகைய விதிகள் பலவற்றிலும் வரும் பெயரை அழித்தல் என்ற சொல். கோடு போட்டு அடித்தால் கீழே உள்ள பெயர் படிக்கக் கிடைக்கும், அழித்தால் கிடைக்காது.

மீட்டளிப்பு என்பது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரம் அன்று. அமெரிக்காவில் 1917இல் ஒரு மீளாய்வுக் குழு, அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றோரின் பட்டியலிலிருந்து 911 பெயர்களை நீக்கியது. அவற்றில் 864 பெயர்கள் மெய்ன் மாநிலத்தின் 27ஆம் காலாட்படைப் பிரிவுக்கு மொத்தமாக வழங்கப்பட்டவை. 29 பெயர்கள் ஆபிரகாம் லிங்கனின் இறுதி ஊர்வலத்தில் காவல் நின்றவர்களுடையவை. அவற்றை நீக்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே வீச்சில், உள்நாட்டுப் போரில் மருத்துவராகப் பணியாற்றிப் பகைவரிடம் சிறைப்பட்ட மேரி எட்வர்ட்ஸ் வாக்கரின் பெயரும் நீங்கியது. அவர் முறைப்படி படையில் சேர்க்கப்பட்டவர் அல்லர் என்பது காரணம். அவர் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை, 1919இல் இறக்கும் வரை அதை அணிந்தே இருந்தார். 1977இல் விருது அவர் பெயருக்கு மீண்டது. அவர் 1917இல் பணிந்து அதைத் திருப்பியனுப்பியிருந்து, அலுவலகத்தில் யாரோ உருக்கியிருந்தால், 1977இல் மீட்டளிப்பதற்கு ஆணை மட்டும் இருந்திருக்கும், பொருள் இருந்திராது.

தேசத்துரோகி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரேஃபஸின் கதை பலரும் அறிந்ததே. 1895 ஜனவரி 5ஆம் நாள் பாரிஸ் இராணுவப் பள்ளி முற்றத்தில் அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. 1906இல் அவர் குற்றமற்றவர் என்று உறுதியானபின் பிரான்சின் உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானர் அளிக்கப்பட்டது. இப்படிப்பட்ட வரலாற்றைச் சொல்ல வேண்டிய அருங்காட்சியகம் 1906இல் அளித்த விருதை மட்டும் வைத்துக்கொண்டு 1895ஐ மறைத்தால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? முதல் உலகப்போரில் மரணதண்டனை பெற்ற 306 பிரித்தானிய, காமன்வெல்த் வீரர்களுக்கு 2006இல் சட்டம் இயற்றி மன்னிப்பு அளித்தபோதும், அந்த மன்னிப்பு பழைய தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்று அந்தச் சட்டமே சொன்னது. அது குறையுடைய ஏற்பாடு என்று சில குடும்பங்கள் வருந்தின. ஆவணக் காப்பின் கண்ணோடு பார்க்கும்போது எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. முந்தைய தாளைக் கிழிக்காமல் அதன்மேல் இன்னொரு தாளை வைத்திருக்கிறார்கள்.

இனி, விருதை ரத்து செய்யும் குழுக்களுக்கு. திரும்பி வரும் உலோகத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று வெளியே சொல்வது அரிது. ஒரு நிகழ்வு மட்டும் நன்கு அறியப்பட்டது. கனடாவில், இரு பெண்களைக் கொன்ற விமானப்படைத் தள அதிகாரி ரஸ்ஸல் வில்லியம்ஸ் 2010இல் தண்டிக்கப்பட்டபின், இராணுவம் அவருடைய சீருடையை எரித்தது, பதக்கங்களைத் துண்டுகளாக வெட்டியது, பணிநியமனப் பத்திரத்தை நறுக்கியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவருடைய உடைமை ஒன்று கண்ணாடிப் பேழையில் இருப்பதைக் காண, பலியான பெண்களின் குடும்பத்தார் யாரும் விரும்பமாட்டார்கள், அவர்களைவிட அதில் உரிமை உள்ளவர்கள் யாருமில்லை. இருந்தாலும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். காட்சிக்கு வைக்காமல், சேமிப்பறையின் அடித்தட்டில் ஒரு பெட்டியில் முத்திரையிட்டு, ஆணையின் படியோடு 100 ஆண்டுகள் வைத்திருந்தால் யாருக்குத் தீங்கு? இத்தகைய ஒருவரை ஓர் இராணுவம் எப்படி நம்பி உயர்த்தியது என்று பின்னால் ஆராய்பவர்களுக்கு அந்தப் பெட்டி பயன்படும். எரித்ததால் இராணுவத்தின் அருவருப்பு வெளிப்பட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது.

காத்து வைப்பதும் காட்சிக்கு வைப்பதும் இரு வேறு செயல்கள். அருங்காட்சியகங்கள் இதை நன்கு அறியும், ஏனெனில் எந்த அருங்காட்சியகத்திலும் இருப்பின் பெரும்பகுதி சேமிப்பறையில்தான் கிடக்கிறது. ஆனால் பறிக்கப்பட்ட விருது என்றவுடன் இந்த வேறுபாடு மறந்துபோய், ஏற்றால் பெருமைப்படுத்தியதாகிவிடும் என்ற அச்சம் வந்துவிடுகிறது. என் தொகுப்பை மறுத்த கடிதத்திலும் அதுவே முதல் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண் எழுதுவது மாலை போடுவது ஆகாது.

காட்சியில் இருப்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கிராஸ் பெற்ற ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில், ஆப்கானிஸ்தானில் நடந்த சட்டவிரோதக் கொலைகள் பற்றி அவர்மீது பத்திரிகைகள் கூறியவற்றில் முக்கியமானவை கணிசமாக உண்மை என்று 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உரிமையியல் வழக்கின் அளவுகோலில் எட்டிய முடிவு. அப்போது அவருடைய சீருடையும் பதக்கங்களும் கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் காட்சியில் இருந்தன. அவற்றை அகற்ற வேண்டும் என்றும் கூடாது என்றும் வாதங்கள் எழுந்தன. கூடுதல் விளக்கம் சேர்ப்பது பற்றி ஆலோசிப்பதாக நினைவகம் அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்தபோது நான் நிம்மதி அடைந்தேன். விருது பறிக்கப்படாத நிலையில் அருங்காட்சியகமே பறித்துவிடவும் இல்லை, தீர்ப்பு வந்தபின் ஒன்றும் நடவாததுபோல் இருக்கவும் அது முயலவில்லை. அதே நாட்டில், ஆப்கானிஸ்தான் போர் பற்றிய 2020ஆம் ஆண்டு விசாரணை அறிக்கைக்குப் பின், சிறப்புப் படையினர் 3,000க்கும் மேற்பட்டோர் பெற்ற கூட்டுப் பாராட்டைத் திரும்பப் பெறும் பரிந்துரையை 2021இல் அமைச்சர் நிராகரித்தார். 2024இல், கட்டளைப் பொறுப்பில் இருந்த சில அதிகாரிகளின் விருதுகள் ரத்து செய்யப்படுவதாக அறிவிப்பு வந்தது. சிலர் குற்றத்துக்காகப் பலர் இழப்பது முறையன்று, மேலே இருந்தவர் பொறுப்பிலிருந்து தப்புவதும் முறையன்று என்ற இரண்டு வாதங்களும் நான்கு ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வென்றிருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரு பலகையில் நான்கு வரியில் எழுதிவிடலாம். படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

இன்னும் பழைய காயங்களும் ஆறாமல் இருக்கின்றன. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை, அந்நாட்டின் பூர்வகுடியினரான லக்கோட்டா மக்கள் 250க்கும் மேற்பட்டோரை, பெண்களும் குழந்தைகளுமாகக் கொன்றது. அதில் ஈடுபட்ட வீரர்கள் சுமார் 20 பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டது. அவற்றை ரத்து செய்ய வேண்டும் என்று லக்கோட்டா மக்கள் தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள். 2024இல் மீளாய்வுக்கு உத்தரவிடப்பட்டது; 2025 செப்டம்பரில், விருதுகள் நீடிக்கும் என்று பாதுகாப்புச் செயலாளர் அறிவித்தார். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அரசு ரத்து செய்ய மறுக்கும் இடத்தில்தான் அருங்காட்சியகத்தின் பலகை அதிகம் கனக்கிறது. அத்தகைய பதக்கம் ஒன்று உங்கள் பேழையில் இருந்தால், அந்த விருதுக்கான சொற்களோடு, கொல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் என்ன கேட்கிறார்கள் என்பதும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

காலியிடங்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். பறிக்கப்பட்டதால் காலியானது உண்டு. வறுமையில் அடகு வைத்ததால் காலியானது உண்டு. பெற்றவரே மனமுவந்து திருப்பி அனுப்பியதால் காலியானதும் உண்டு. 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் காந்தியடிகள், தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டுப் பணிக்காகப் பெற்ற போயர் போர்ப் பதக்கத்தையும் சூலுப் போர்ப் பதக்கத்தையும், கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தோடு சேர்த்து வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். அந்த வெறுமை ஒரு பதக்கத்தைவிடப் பெரியது. எந்தக் காலியிடம் எந்த வகை என்று சொல்லும் தாள் அதனோடு இல்லையென்றால், மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கொடை அளிப்போரும் செய்ய வேண்டியவை உண்டு. அவற்றைச் சொல்லாமல் உங்களிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. எந்நாளும் காட்சியில் வைக்க வேண்டும், குடும்பப் பெயரை வாசலில் பொறிக்க வேண்டும், குறை எதையும் எழுதக் கூடாது என்ற நிபந்தனைகளோடு வரும் கொடையை நீங்கள் மறுப்பது சரியே. பதக்கங்களைத் தேய்த்து மினுக்கித் தருவது பெருங்கேடு. விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் படைப்பிரிவும்தான் ஒரு பதக்கத்தின் உயிர்; பாலிஷ் போடப் போட அவை கரைந்துபோகும். வரிசையாக மாட்டியிருப்பதைப் பிரித்துத் தருவதும் அப்படியே. கொடைக்கும் இரவலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இரு தரப்பும் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் 2010 முதல் இருந்த தனியார் திரட்டின் காட்சிக்கூடம், 200க்கும் மேற்பட்ட விக்டோரியா கிராஸ் பதக்கங்களைக் கொண்டது, 2025இல் மூடப்பட்டது. அவை இரவல் என்பதால் உரியவரிடமே திரும்பின. அதில் யார்மேலும் குறையில்லை, ஆனால் என்றும் அங்கேயே இருக்கும் என்று நம்பியிருந்தோருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நான் இரவல் தரவில்லை. உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுக்கிறேன், காட்சிக்கு வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம்.

அறங்காவலர்களே, உங்கள் சேர்க்கைக் கொள்கையில் ஒரு வரியைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: விருது ரத்தானது என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் கொடையும் மறுக்கப்படாது, விருதுக்கான ஆணையும் ரத்துக்கான ஆணையும் ஒரே சேர்க்கை எண்ணின் கீழ் சேர்த்து வைக்கப்படும். பாதிக்கப்பட்டோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் இருக்கும்போது, காட்சிக்கு வைக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் சேமிப்பறையில் வையுங்கள், ஆனால் வைத்திருங்கள். ரத்து செய்யும் குழுவினரே, திரும்பப் பெற்ற பதக்கத்தை உருக்காமல், வெட்டாமல், காரணம் எழுதிய தாளோடு ஓர் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்கும் விதியை ஏற்படுத்துங்கள். உங்கள் ஆணைகளில் காரணத்தை ஒரு வரியாவது வெளிப்படையாக எழுதுங்கள். மாடு திருடியவரும் மக்களைக் கொன்றவரும் ஒரே சொல்லால் நீக்கப்பட்டால், பின்னால் வருபவர் இருவரையும் ஒன்றாகவே எண்ணிவிடுவார்.

என் பட்டியலில் அந்தச் சட்டம் 27ஆம் எண். அமிலமற்ற அட்டைப் பெட்டியில், அதே வகைத் தாளில் சுற்றி, வெட்டுண்ட நாடாத் துண்டு நசுங்காதபடி பக்கத்தில் சிறு பஞ்சணை வைத்திருக்கிறேன். இரண்டு தாள்களின் படிகளும் பேத்தி கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் அதே பெட்டியில் இருக்கின்றன. 41 தொகுப்புகளையும் ஒன்றாக ஏற்கும் அருங்காட்சியகம் எதுவாக இருந்தாலும், நன்கொடைப் பத்திரத்தில் அன்றே கையெழுத்திட அணியமாக இருக்கிறேன்.

மிக்க மதிப்புடன்,
பதக்கச் சேகரிப்பாளர் ஒருவர்